அத்த வுடு, அத்த வூடு

1

சனிக்கிழமை காலைகளில் நான் மாணவன். ஐம்பத்திரண்டு வயதில், பாரிசுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, கணினியும் செல்போனும் சட்டத்தை என்ன பாடு படுத்துகின்றன என்று படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் பதினான்கு பேர். என்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் என் பிள்ளை வயது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னார்கள். நானும் கம்பீரமாகப் பதில் வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த இரண்டு பேரும் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இது ஞானத் தேடல் இல்லை, பயம். இங்குள்ள நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் தமிழ் பேசுகிறவர்களுக்கு நான் மொழிபெயர்ப்பாளன். சில காலமாக ஓரிரு அலுவலகங்களில் என் நாற்காலியில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். தமிழில் பேசினால் அது பிரெஞ்சில் சொல்கிறது. ஒருநாள் ஒரு பெரியவர் தன் கதையைச் சொல்லி முடித்து, "வயிறு எரியுது ஐயா" என்றார். பெட்டி யோசிக்கவே இல்லை. அவருக்கு நெஞ்செரிச்சல், மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதிகாரி அக்கறையாக ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"சிரிச்சது போதும். அது உங்க வேலையப் புடுங்கறதுக்குள்ள அதப்பத்தி எதனா படிங்க" என்றாள்.

அப்படித்தான் கடைசி பெஞ்சு.

இரண்டாவது மாதம் ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு வழக்கு, அதில் ஒரு மின்னணுச் சாட்சியம், பத்துப் பக்கம். பையன்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. அந்த வாரமே அண்ணன் போன் செய்தார்.

2

"டேய், ஒன்னே ஒன்னு சொல்லு. நீ வுடுன்னு சொன்னியா, வூடுன்னு சொன்னியா?"

அண்ணன் ஊரில், வில்லியனூரில் இருக்கிறார். போனில் நலம் விசாரிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"எப்பண்ணா? யார்கிட்ட?"

"மூணு வருசத்துக்கு முன்னாடி மங்கைக்கு வாட்ஸப்புல பேசி அனுப்பியிருக்கிற. அத்த இப்ப கோர்ட்ல குடுத்துட்டா. வக்கீலு போட்டுக் காமிச்சாரு. நாலு தபா கேட்டன், எனக்கே புரில."

"நான் இன்னா சொல்லியிருக்கிறன்?"

"'அத்த வுடு மங்க, நீ இருக்கிற இல்ல, அது போதும், அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறன்.' எங்கிட்ட இன்னாத்தடா பேசின நீ? ஒன்னியும் பேசல."

"ஞாபகம் இல்லண்ணா."

"ஒரு வார்த்தைய ஒழுங்கா பேசத் தெரில. நீ அங்க போயி வெள்ளக்காரனுக்குத் தமிழு சொல்றியாம், சட்டம் படிக்கிறியாம். தூ!"

வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு சின்ன இலக்கண வகுப்பு. எங்கள் வாயில் வீடு, வூடு ஆகிவிடும். விடு, வுடு ஆகிவிடும். 'அதை' என்பதும் அத்த, 'அத்தை' என்பதும் அத்த. ஆகவே "அத்த வுடு" என்றால் அந்தப் பேச்சை விடு. "அத்த வூடு" என்றால் அத்தையின் வீடு. எழுத்தில் ஒரு சுழி வித்தியாசம். வாயில் அதுகூட இல்லை. தெற்கத்திக்காரர் எவருக்கும் இப்படி ஒரு வழக்கு வரவே வராது.

3

வழக்கு இதுதான். எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால்வாடியில் வேலை பார்த்து, உறுவையாற்றில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினார். உயில் எழுதவில்லை. அப்பா அவருக்கு முன்பே போய்விட்டதால் வீடு எங்கள் மூன்று பேருக்கும் சமம்: அண்ணன், நான், தங்கை மங்கை.

மங்கை கணவன் இறந்த பிறகு அத்தையோடு போய் இருந்தவள். கடைசி இரண்டு வருஷம் அத்தையைக் கைத்தாங்கலாக எழுப்பி, குளிப்பாட்டி, சோறு ஊட்டியது அவள்தான். அவளுக்குப் போக்கிடம் வேறு இல்லை. இப்போது அந்தப் பக்கமெல்லாம் மனை போட்டுவிட்டார்கள். வீட்டை விற்றுப் பிரிக்கலாம் என்கிறார் அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. மூன்று பேர் சொத்தில் ஒருத்தி மட்டும் ஏன் என்று கேட்கிறார். சட்டமும் அதையேதான் கேட்கும். பேசிப் பார்த்தார், நடக்கவில்லை, பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டார்.

மங்கையின் பதில்: அத்தை இறந்தபோதே அண்ணன்கள் இரண்டு பேரும் வீட்டை எனக்கு என்று வாயால் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். வாய்ப்பேச்சாகச் செய்துகொண்ட குடும்ப ஏற்பாட்டையும் நீதிமன்றம் சில வேளைகளில் ஏற்கும். ஆனால் அத்தாட்சி வேண்டும். அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி என் குரல், பதினொரு விநாடி.

அதை நீதிமன்றத்தில் கொடுக்க ஒரு சான்றிதழும் சேர்த்திருக்கிறார்கள். இன்ன போனில் இருந்தது, போன் ஒழுங்காக வேலை செய்தது என்று. போனுக்குச் சான்றிதழ் கேட்ட சட்டம், பேசினவன் ஒழுங்காக வேலை செய்தானா என்று கேட்கவில்லை.

பேச்சை எழுத்தாக்கியும் கொடுக்க வேண்டும். மங்கை தரப்பில் வில்லியனூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தார்கள். மெஷின், "அத்தை வீடு, மங்கை. நீ இருக்கிறாய் அல்லவா, அது போதும்" என்று எழுதிக் கொடுத்தது. அண்ணன் தரப்பு வேறு ஒரு மெஷினிடம் போனது. அது "அதை விடு, மங்கை" என்று எழுதியது. பாடப்புத்தகத் தமிழ் மட்டுமே தெரிந்த இரண்டு மெஷின்கள், பனியனோடு நின்ற என் பேச்சுக்கு ஆளுக்கொரு சட்டையை மாட்டிவிட்டன.

மங்கையைக் கூப்பிட்டேன்.

"என் ஆடியோவுக்கு மேல நீ ஒன்னு அனுப்பியிருக்கியாம். அழிச்சிட்டியாம். அதுல இன்னா கேட்ட?"

"வூட்டதான் கேட்டன்."

"ஏன் அழிச்ச?"

"அண்ணியப் பத்தி எதனா வாய் தவறி சொல்லியிருப்பன். இப்ப அது இன்னாத்துக்கு? நீ வூடுன்னுதான சொன்ன?"

"மங்க, எனக்கு..."

"நீயும்தான் கேசுல இருக்கிற. வூடுன்னுதான் சொன்னன்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டு அனுப்புண்ணா. அவ்ளோதான். எனக்குப் போக எடமில்லண்ணா."

என் பழைய போன் வாஷிங் மெஷினில் ஒரு முறை சுற்றி வந்ததில் எல்லாம் போயிற்று. அவள் கேள்வி அவள் போனிலும் இல்லை, என் போனிலும் இல்லை. "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற ஒரு வரிக்குக் கீழே, எதற்கு என்று தெரியாத ஒரு பதில் மட்டும் உலகத்தில் மிச்சம் இருந்தது.

4

வகுப்பில் அந்தப் பதினொரு விநாடியைப் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பதினான்கு பேர் அமைதியாகக் கேட்டார்கள். ஒரு பெண், அழகாக இருக்கிறது, பாட்டா என்று கேட்டாள்.

"இரண்டு பொருளுக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு?" என்றார் ஆசிரியை.

"ஒரு மாத்திரை" என்றேன். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. கண் இமைக்கிற நேரம் ஒரு மாத்திரை என்று எங்கள் இலக்கணம் கணக்கு வைத்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் பலகையில் அதை எழுதி அடிக்கோடு போட்டார். ஒரு பெண்ணின் குடியிருப்பு ஒரு கண்ணிமைப்பில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டேன். தமிழில் இதற்கும் அதே சொல்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஒரே நாளில் அவ்வளவு இலக்கணம் தாங்காது.

அன்று மதியம் முழுக்க ஒரே யோசனை. முன்பெல்லாம் வாயில் வந்தது காற்றில் போகும். கையெழுத்துப் போடும்போதுதான் மனிதன் நிதானிப்பான், மூக்குக்கண்ணாடியைத் தேடுவான், பேனா எழுதவில்லை என்று உதறுவான். சட்டமும் அந்த உதறலை நம்பித்தான் இருந்தது. இப்போது பஸ்ஸுக்கு ஓடும்போதும் வாயில் பல்குச்சியோடும் பேசியதெல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கிறது. பேச்சு பத்திரமாக இருப்பதுதான் சிக்கல். பேச்சே பத்திரம் ஆகிவிட்டது.

பயிற்சிக் கட்டுரைக்கு இந்த வரிகள் நன்றாக வந்தன. மங்கைக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

5

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் என்ன சொன்னான் என்பது இருக்கட்டும், இன்று இவன் என்ன சொல்கிறான்? தன் பங்கை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

அதே கேள்வியை மங்கையின் வக்கீலும் கேட்டார். ஒதியம்பட்டுப் பெண், சின்ன வயது, சுருக்கமாகப் பேசுகிறவர். "சார், தூதரகத்துல ஒரு பவர் போட்டு அனுப்புங்க, ஒங்க பங்க இங்க எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடலாம்" என்றார்.

உடனே செய்கிறேன் என்றேன். செய்யவில்லை. அதற்கு என்னிடம் காரணங்கள் தயாராக இருந்தன. இணையத்தில் நேரம் பதிவு செய்யப் போனால் முதலில் நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க வேண்டும். போக்குவரத்து விளக்குகள் உள்ள கட்டங்களை அமுக்கச் சொல்கிறது. கம்பத்தையும் சேர்ப்பதா, விளக்கு மட்டுமா? மூன்று முறை தோற்றேன். நான்காவது முறை உள்ளே விட்டது. அப்புறம் பெயர். ஊர்ப் பத்திரத்தில் அப்பா பெயர் எனக்கு முன்னெழுத்து. இங்கே அதுவே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அலுவலகங்களில் என் மனைவியை மாமனார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவளும் எழுந்து போகிறாள். இரண்டு தாளிலும் இருப்பவன் ஒருவன்தான் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு இன்னொரு தாள்.

எல்லாம் உண்மை. ஆனால் எதுவும் காரணம் இல்லை. தாள்கள் கைக்கு வந்து ஒரு மாதம் மேசையில் கிடந்தன.

ஊரில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது முக்கால் அறைகூட வராது. இங்கே எவராவது, "நீங்கள் திரும்பிப் போவீர்களா?" என்று கேட்டால், "அங்கே வீடு இருக்கிறது" என்று சொல்லத் தோதாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாக்கியம் போய்விடும். பத்திரத்தில் கையெழுத்துப் போடாமலே தங்கைக்கு வீட்டைக் கொடுத்த தாராளப் பிரபுவாக இருக்க அந்தப் பதினொரு விநாடி எனக்கு வசதியாக இருந்தது. வூடு என்று எழுதினால் போதும். பொய்யாக இருந்தாலும் நல்ல பொய். அண்ணனின் பங்கையும் சேர்த்து நான் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

6

மகள் லேனாவுக்குப் பதினேழு வயது. அவளுக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும், பேசினால் எங்களுக்குப் புரியாது, அதனால் அவள் பேச்சை இங்கே நான் தமிழாக்கியிருக்கிறேன். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று ஏதோ மடிக்கணினியில் செய்துகொண்டே இருப்பாள். பெருமைக்குரிய மொழிபெயர்ப்பாளனான நான் அவளிடம் போய் நின்றேன்.

"இதுல 'வு'வா 'வூ'வான்னு அளந்து சொல்லும்மா."

"ரெண்டும் ஒன்னுதானே பப்பா?"

இருபது வருஷமாக அடுத்தவர் தமிழைத் திருத்தி வயிறு வளர்க்கிறேன்.

அவள் என் குரலைத் திரையில் முள்முள்ளாக விரித்தாள். அந்த ஓர் எழுத்தைப் பிடித்து, மற்ற குறில்களோடும் நெடில்களோடும் ஒப்பிட்டாள். இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"நீங்க மூச்சு வாங்கறீங்க. அதான் இழுக்குது. எங்கயோ ஏறுறீங்க" என்றாள். பிறகு என் குரலை அமுக்கிவிட்டுப் பின்னால் இருந்ததை ஏற்றினாள். உஸ்ஸென்று காற்று, அதற்கடியில் அலை. ஏதோ ஒரு பறவை நாலைந்து தரம் கத்தியது. அதற்கப்பால், தூரத்தில், ஒரு சிறுமி.

"பப்பா, து வியன்?"

அப்பா, வர்றீங்களா?

"நான்!" என்று லேனா சிரித்தாள். "இது நார்மண்டி பீச் பப்பா. அந்த மணல் மேடு. ஐஸ்கிரீம் வாங்கலாம்னு உங்களக் கூப்பிடுறேன், நீங்க வரவே இல்ல, போன் பேசிட்டே இருந்தீங்க."

அவள் சிரிப்பு முடிவதற்குள் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. ஈர மணல், கையில் செருப்பு, காதில் மங்கையின் குரல். அவள் அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தாள். அத்தைக்குக் கருமாதி, நீ வந்தே ஆகணும், அத்த சாவறப்பக்கூட ஒன்னத்தான் கேட்டுது, எப்ப வர்ற, சொல்லு. நான் லீவு கிடைக்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். லீவு கிடைத்திருந்தது. அதில்தான் கடற்கரைக்கு வந்திருந்தோம். அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று, பிள்ளை ஆசைப்படுகிறாள். மணல் மேட்டில் ஏறிக்கொண்டே பதில் சொன்னேன். அத்த வுடு மங்க. நீ இருக்கிற இல்ல, அது போதும்.

அண்ணனிடம் பேசிக்கொள்கிறேன் என்றதும் நான் வராததைப் பற்றித்தான். வீட்டைப் பற்றி அன்று ஒரு பேச்சும் இல்லை.

எத்தனையோ பேர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டார்கள். இரண்டு வக்கீல்கள், இரண்டு மெஷின்கள், பதினான்கு பிரெஞ்சுக்காரர்கள். என் குரலுக்குப் பின்னால் இருந்த குரலை எவரும் கேட்கவில்லை.

"ஏன் பப்பா? என்ன சொன்னீங்க மங்கை அத்தைகிட்ட?" என்றாள் லேனா.

இருபது வருஷ அனுபவத்தில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க மறுத்தேன்.

7

அடுத்த வாரம் தூதரகத்துக்குப் போய்ப் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பங்கு மங்கைக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "சொந்த விருப்பத்தின் பேரிலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனா எழுதவில்லை. உதறிப் போட்டேன்.

கூடவே நீதிமன்றத்துக்கு என் வாக்குமூலத்தையும் எழுதினேன். தங்கை என்னை அத்தையின் கருமாதிக்கு அழைத்தாள். அதற்கு நான் சொன்ன பதில் அது. சொன்னது 'அதை விடு' என்பதுதான். எழுதி முடித்து வக்கீலம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் உடனே கணக்குப் போட்டார். "ஒங்க பங்கு சேந்தா மூணுல ரெண்டு அவங்களுது சார். ஆனா அண்ணன் பங்குக்கு அந்த ஆடியோவத்தான் நம்பியிருந்தோம். அது போச்சி."

"வேற வழி?"

"அண்ணன நேர்ல ஒக்கார வச்சிப் பேசணும். போன்ல பேசினா எப்படின்னுதான் பாத்துட்டமே."

அனுப்புவதற்கு முன் மங்கையிடம் சொல்ல வேண்டும். அன்று அத்தையின் மூன்றாம் வருஷத் தெவசம். அங்கே மதியம். குக்கர் சத்தத்துக்கு நடுவே எடுத்தாள்.

"இன்னாண்ணா? படையல் போட்டுக்கினு இருக்கன்."

"மங்க, எனக்கு ஞாபகம் வந்துடுச்சி. நீ வூட்டக் கேக்கல. கருமாதிக்கு வரச் சொல்லிக் கேட்ட."

குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"லீவு குடுக்கலன்னு சொன்னன். பொய். புள்ளைங்களோட கடலுக்குப் போயிருந்தன். அந்த ஆடியோலயே லேனா கூப்புடறது கேக்குது."

"தெரியும்."

"எப்படி?"

"அன்னிக்கே கேட்டுதே. பப்பான்னு. பின்னால அல சத்தம். ஒரே தங்கச்சி, இதுகூடவா எனக்குத் தெரியாது? ஒன்ன அவ்ளோ கெஞ்சியிருந்தன். எனக்கே வெக்கமாப் பூடுச்சி. அழிச்சிட்டன்."

"அப்புறம் ஏன் அதக் கொண்டுபோயி கோர்ட்ல குடுத்த?"

"நீதான் வரல. நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையாவது எனக்கு ஒதவட்டுமேன்னு பாத்தன்."

வாக்குமூலத்தைப் பற்றிச் சொன்னேன். பவர் பத்திரம் போட்டதைச் சொன்னேன். என் பங்கு அவளுக்கு என்று சொன்னேன். அண்ணன் பங்கு கைவிட்டுப் போகலாம் என்றும் சொன்னேன். வந்து அண்ணனிடம் நேரில் பேசுகிறேன், டிக்கெட் பார்க்கிறேன் என்றேன். அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணன் வுடுவாரா?"

"தெரில மங்க."

"ம்."

"மங்க, அன்னிக்கு நான் கருமாதிக்கு வராதது..."

"அத்த வுடுண்ணா" என்றாள். எல வாடுது என்று வைத்துவிட்டாள்.

நான் எதையும் பதிவு செய்யவில்லை. அளந்து சொல்ல மெஷின் இல்லை, சான்றிதழ் இல்லை. ஆனால் இந்த முறை எனக்குச் சந்தேகம் இல்லை. குறில். ஒரு மாத்திரை. மணல் மேட்டில் ஏறிக்கொண்டே நான் அவளுக்குக் கொடுத்த நேரம் எவ்வளவோ, அவ்வளவு.